நெட்டில் டாக்டர் வருவாரா?

 

டாக்டர் ஒரு ஊரில் இருக்கிறார். நோயாளி வேறு ஊரில் இருக்கிறார். நடுவில் இன்டர்நெட் மட்டும்தான் இருக்கிறது. இப்படி வைத்தியம் பார்த்தால் சரியாக வருமா? இதுதானே உன் கேள்வி? பலே! பெரிய பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் பல வருஷமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது. உனக்கு இது தோன்றியதே, அதற்கே ஒரு சபாஷ்.

இதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. முதலில் தேனிப் பக்கம் போய் வருவோம்.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976-இல் வெறும் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். மூட்டுவாதத்தில் அவருடைய கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே ஆயிரம் ஆயிரமாய்க் கண் அறுவைச் சிகிச்சை செய்தவர் அவர். ஆஸ்பத்திரி வளர்ந்தது. தேனியிலும் கிளை வந்தது. ஆனாலும் ஒரு கவலை தீரவில்லை.

கிராமத்தில் ஒரு பாட்டிக்குக் கண் மங்குகிறது என்று வைத்துக்கொள். கண்ணில் வலி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் காசு வேண்டும். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைய கூலி போய்விடும். பாட்டி என்ன செய்வார்? "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்பார். அந்த அடுத்த மாசம் வரவே வராது.

பாட்டி டாக்டரிடம் வர முடியவில்லை. எல்லாக் கிராமத்துக்கும் டாக்டரை அனுப்புவதும் முடியாது. பாட்டியின் கண்ணின் படத்தையாவது டாக்டரிடம் கொண்டுவரலாமே! அதற்காகக் கிராமங்களில் சின்னச் சின்னப் பார்வை மையங்களைத் திறந்தார்கள்.

சரி, படம் எந்த வழியாகப் போகும்? இருபது வருஷத்துக்கு முன்னால் தேனி மாவட்டத்துக் கிராமங்களில் இன்றுபோல் சிக்னல் கிடையாது. அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் உதவிக்கு வந்தார்கள். அவர்கள் கையில் எடுத்தது என்ன தெரியுமா? நம் வீடுகளில் இருக்கும் அதே வைஃபைதான்!

வீட்டு வைஃபை நாலு சுவர் தாண்டினாலே தடுமாறுமே என்று நீ கேட்பாய். நியாயம்தான். வைஃபை பெட்டி தன் அலைகளை எல்லாத் திசையிலும் பரப்புகிறது. அதனால் எந்தத் திசையிலும் அவை வெகு தூரம் போவதில்லை. ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாவை மாட்டினால் அதே அலை பல கிலோமீட்டர் போகும். ஆன்டெனாவை உயரமான கோபுரத்தில் கட்ட வேண்டும். ஒரு கோபுரத்திலிருந்து பார்த்தால் அடுத்த கோபுரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவில் மலையோ தென்னந்தோப்போ மறைக்கக்கூடாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வைஃபை ஒவ்வொரு தகவல் துண்டையும் அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். வீட்டுக்குள் அந்தப் பதில் உடனே வந்துவிடும். தூரம் கூடினால் சற்றுத் தாமதமாக வரும். பெட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. "போய்ச் சேரவில்லை போலிருக்கிறது" என்று திரும்பத் திரும்ப அதையே அனுப்பும். பாதை முழுக்க நெரிசலாகிவிடும். பெட்டிக்குள் இருந்த நிரலை ஆராய்ச்சியாளர்கள் மாற்றி எழுதித்தான் இதைச் சரிசெய்தார்கள்.

இதுவரை புரிந்ததா? புரியவில்லை என்றால் கடைசி இரண்டு பத்திகளை மட்டும் மறுபடி படி. அவசரமே இல்லை.

இப்போது அந்த மையத்துக்குள் போவோம். பாட்டி ஒரு கருவியின் முன்னால் உட்கார்ந்து, அதன் தாங்கியில் தாடையை வைக்கிறார். ஒரு மெல்லிய ஒளிக்கோடு கண்ணுக்குள் பாய்கிறது. கருவியை இயக்கும் அக்கா டாக்டர் அல்ல. பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பெண்தான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கண் பரிசோதனைக்கென்றே பயிற்சி பெற்றவர். "பாட்டி, இமைக்காம நேரா பாருங்க" என்கிறார். விழியில் புரை விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். கண்ணின் அழுத்தத்தை அளக்கிறார். படம் எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறார். தூரத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, திரையில் வந்து பாட்டியோடு பேசுகிறார். பெரும்பாலானவர்களுக்குக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ அங்கேயே கிடைத்துவிடும். அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

ஒன்றைக் கவனித்தாயா? அந்த அக்கா இல்லாவிட்டால் டாக்டருக்கு எதுவுமே தெரியாது. படம் கலங்கலாக வந்தால், உலகத்திலேயே வேகமான இன்டர்நெட்டும் கலங்கல் படத்தைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கும். இந்தப் பக்கம் பழகிய கை வேண்டும். அந்தப் பக்கம் தேர்ந்த கண் வேண்டும். நடுவில் இருப்பது பாதை மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொள். இனிமேல் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விழித்திரையில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கலாம். ஆரம்பத்தில் வலி இருக்காது. பார்வையும் நன்றாகவே இருக்கும். தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். அதனால் விழித்திரையை வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்கச் சொல்வார்கள். இதற்கு ஒரு கணினியைப் பழக்கினால் என்ன என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள். கண் டாக்டர்கள் 54 பேர் தரம் பிரித்துக் கொடுத்த 1,28,175 விழித்திரைப் படங்களைக் கணினிக்குக் காட்டினார்கள். அரவிந்த் மருத்துவமனையிலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் வந்த படங்களும் அவற்றில் உண்டு. 2016-இல் முடிவு வெளிவந்தது. கணினி ஏறக்குறைய கண் டாக்டர்கள் அளவுக்கே சரியாகச் சொன்னது!

பிறகு அதைத் தாய்லாந்தில் நிஜமான சிகிச்சை நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்தது என்ன? கண்ணுக்குள் படமெடுக்க அறை இருட்டாக இருக்க வேண்டும். இருட்டில்தான் கண்மணி நன்றாக விரியும். பல நிலையங்களில் இருட்டாக்க வசதியான அறையே இல்லை. ஐந்தில் ஒரு படத்துக்கும் மேல் "தெளிவில்லை" என்று கணினி தள்ளிவிட்டது. சில இடங்களில் இன்டர்நெட் மெதுவாக இருந்ததால் படம் ஏறவே நேரம் பிடித்தது. விடியற்காலையிலேயே வந்த நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். அங்கே குறையாக இருந்தது ஒரு ஜன்னல் திரையும் நல்ல லைனும். ஆராய்ச்சியாளர்கள் இதை மறைக்காமல் 2020-இல் எழுதி வெளியிட்டார்கள். அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான் கண்ணு.

கண்ணைப் படம் பிடிக்கலாம். தோலைப் படம் பிடிக்கலாம். எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் நொடியில் அனுப்பலாம். வயிற்று வலியை என்ன செய்வாய்?

வயிறு வலிக்கிறது என்று போனால் டாக்டர் உன்னைப் படுக்க வைத்து அங்கங்கே அழுத்திப் பார்ப்பார், இல்லையா? குடல்வால் வீங்கியிருந்தால் வலப்பக்கம் கீழ் வயிற்றில் தொட்டாலே வலிக்கும். வயிறு இறுகிப்போயிருக்கும். அவர் விரலுக்கு அது தெரிந்துவிடும். திரைக்கு அந்த விரல் கிடையாது. 2020 மார்ச் 25-ஆம் தேதி இந்திய அரசு தொலைமருத்துவத்துக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. நேரில் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றினால் நோயாளியை நேரில் வரச் சொல்லலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டரே என்று அதில் இருக்கிறது. சில வகை மருந்துகளை இப்படி எழுதித்தரவே கூடாது என்றும் இருக்கிறது. உனக்கான ஒரு விதியும் உண்டு. சிறு பிள்ளைகள் பேசும்போது கூடவே பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

"தொடவே முடியாது என்கிறீர்களே, ரோபோவை வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்களே?" என்று கேட்பாய். செய்திருக்கிறார்கள்! 2001 செப்டம்பர் 7. டாக்டர் ஜாக் மரெஸ்கோ அமெரிக்காவின் நியூயார்க்கில் இருந்தார். 68 வயது அம்மாள் ஒருவர் பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் படுத்திருந்தார். நடுவில் அட்லாண்டிக் பெருங்கடல். டாக்டர் இங்கே கையை அசைக்க, அங்கே ரோபோவின் கை அசைந்து, அந்த அம்மாளின் பித்தப்பையை அகற்றியது.

இதில் பெரிய சவால் எது தெரியுமா? நீ பட்டம் விட்டிருப்பாய். நூலைச் சுண்டினால், மேலே இருக்கும் பட்டம் உடனே திரும்பாது. ஒரு கணம் கழித்துத்தான் திரும்பும். நூல் நீள நீள அந்தக் கணமும் நீளும். பட்டம் திரும்பவில்லையே என்று மறுபடியும் சுண்டினால், அது அளவுக்கு மீறித் திரும்பிக் குட்டிக்கரணம் போட்டுவிடும். கத்தி பிடித்த ரோபோ அப்படி ஒருமுறை திரும்பினால்? நினைக்கவே பயமாக இருக்கிறது அல்லவா? அன்று டாக்டர் கையை அசைத்து, அது திரையில் தெரிய ஆன தாமதம் ஏறக்குறைய 155 மில்லி நொடி. அதாவது ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. அதற்கென்றே தனியாக ஒதுக்கிய கண்ணாடி இழைப் பாதையில் தகவல் போனது. நீயும் நானும் படம் பார்க்கும் இன்டர்நெட் அல்ல அது. அந்த அம்மாளின் பக்கத்திலும் அறுவைச் சிகிச்சை டாக்டர்கள் தயாராக நின்றார்கள். ரோபோ இருந்தும் இரு முனையிலும் ஆள் இருந்தார்கள், பார்த்தாயா?

சரி, ஒரு முனையில் யாருமே இல்லாவிட்டால்?

2020-இல் கொரோனா வந்தபோது ஒரு ஃபார்வர்டு ஊரெல்லாம் சுற்றியது. மூச்சைப் பத்து நொடி அடக்கு. இருமல் வரவில்லையா? உனக்குக் கொரோனா இல்லை! உலக சுகாதார நிறுவனம் இது தவறு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. கிருமி உடலுக்குள் வந்த முதல் நாட்களில் எத்தனையோ பேரால் நன்றாகவே மூச்சடக்க முடியும். அவர்கள் "எனக்கு ஒன்றுமில்லை" என்று வெளியே கிளம்பினால் பத்துப் பேருக்குப் பரவாதா? அந்தச் செய்தியை எழுதியவர் யார்? டாக்டரா? பெயர் என்ன? திருப்பிக் கேட்க வழியே இல்லை. என்னைக் கேட்டால், மருத்துவத்தில் இன்டர்நெட் செய்யும் மிகப் பெரிய கெடுதல் இதுதான். இதற்கு முன்னால் மற்றவை எல்லாம் இரண்டாம்பட்சம்.

அதே சமயத்தில் வேறொரு ஏமாற்றும் நடந்தது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் சின்னக் கருவியைப் பார்த்திருப்பாய். ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகமாகவும் உறிஞ்சும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் இதற்கு நேர்மாறு. கருவி இரண்டு ஒளியையும் விரல் வழியே செலுத்தி ஒப்பிட்டுப் பார்க்கிறது. செல்போன் ஃப்ளாஷில் வருவது வெள்ளை ஒளி; அகச்சிவப்பு ஒளி அதில் இல்லை. ஆனாலும் "கேமராமேல் விரலை வையுங்கள், ஆக்சிஜன் அளவு சொல்கிறோம்" என்று சில செயலிகள் வந்தன. அப்படிப்பட்ட போலிச் செயலிகளை இறக்க வேண்டாம், அவை உங்கள் தகவலைத் திருடும் என்று அரசே எச்சரித்தது. கேமராமேல் வைத்த விரலில் கைரேகையும் இருக்கிறதே!

அடுத்து வருவது கொஞ்சம் கனமான விஷயம். மெதுவாகப் படி.

திருடர்கள் ஆஸ்பத்திரிக் கணினிக்குள் இன்டர்நெட் வழியாக நுழைந்து, எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிடுவது உண்டு. "பணம் கொடு, சாவி தருகிறோம்" என்பார்கள். 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இப்படி முடங்கின. ஓ.பி. சீட்டு, பரிசோதனை முடிவு, பில் எல்லாவற்றையும் ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதினார்கள். வரிசை நீண்டது. ஆனாலும் பேப்பரும் பேனாவும் எழுதத் தெரிந்த ஊழியர்களும் இருந்ததால் வேலை நிற்கவில்லை.

2024 ஜூன் 3-ஆம் தேதி லண்டனில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து தரும் நிறுவனம் ஒன்று இப்படித் தாக்கப்பட்டது. ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் என்ன செய்வார்கள்? நோயாளியின் ரத்த வகையைப் பார்ப்பார்கள். ரத்த வகைகளைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய விஞ்ஞானி கார்ல் லாண்ட்ஸ்டைனர். அதற்காக 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொருந்தாத ரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து. லண்டன் ஆஸ்பத்திரிகளில் கணினி முடங்கியதும் ரத்த வகையைப் பழைய வேகத்தில் பொருத்திப் பார்க்க முடியவில்லை. நோயாளியோ காத்திருக்க மாட்டார். அப்போது கைகொடுப்பது ஓ நெகட்டிவ். அவசரத்தில் யாருக்கு வேண்டுமானாலும் அதைக் கொடுக்கலாம்.

ஆனால் பிரிட்டனில் நூறு பேரில் எட்டுப் பேருக்குத்தான் அந்த ரத்தம். அதைக் குளிரில் வைத்தாலும் 35 நாள்தான் தாங்கும். இருப்புக் கரைந்துகொண்டே வந்தது. "ஓ வகை ரத்தம் உள்ளவர்கள் வந்து தாருங்கள்" என்று நாடு முழுக்க அழைப்பு விடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. பரிசோதனை முடிவு தாமதமானதால் ஒரு நோயாளி உயிரிழக்கவும் அந்தத் தாக்குதல் ஒரு காரணமானது என்று பின்னால் தெரிந்தது. திருட்டு நடந்தது கணினியில். வலித்தது மனிதர்களுக்கு. இதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

தடுக்க முடியாதா? பல நேரம் முடியும். 2017 மே மாதம் பிரிட்டன் ஆஸ்பத்திரிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற தீநிரலுக்கு, மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே மருந்து அனுப்பியிருந்தது. பல கணினிகளில் அதைப் போடாமலே விட்டிருந்தார்கள். உன் வீட்டுக் கணினியில் "அப்டேட் செய்யவா?" என்று வந்தால், நாளைக்கு என்று தள்ளாமல் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல். பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடும் பழக்கத்தையும் குறைக்கச் சொல். கடவுச்சொல் வெளியே போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய நோய் விவரம் வெளியே போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது.

இனி உனக்கு ஒரு வேலை தரப்போகிறேன். அரசின் இ-சஞ்சீவனி சேவை வழியாக வீட்டிலிருந்தே காசில்லாமல் டாக்டரிடம் பேசலாம். உன் பாட்டி அப்படிப் பேசும் நாள் வரலாம். அன்று இந்த முனையில் டாக்டரின் கையும் கண்ணும் நீதான். தேனி அக்கா செய்கிறாரே, அதே வேலை!

பேசுவதற்கு முன்னால் பாட்டி சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்து வை. பெயர் தெரியும்படி வை. காய்ச்சல் என்றால் எத்தனை மணிக்கு எவ்வளவு என்று எழுதி வை. தோலில் தடிப்பு என்றால் ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் படம் எடு. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடு. தடிப்பு எவ்வளவு பெரிது என்று டாக்டருக்கு உடனே புரிந்துவிடும். டாக்டர் தன் பெயரையும் படிப்புத் தகுதியையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மரியாதையாகக் கேள்.

டாக்டர் மருந்து சொல்லும்போது எழுதிக்கொள். எழுதியதை அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டு. லைன் விட்டு விட்டுக் கேட்கும்போது "ஒன்றரை மாத்திரை" என்பதும் "அரை மாத்திரை" என்றுதான் காதில் விழும்.